பச்சோந்திக்கு முட்டை அடைத்துக்கொண்டால்…



ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு கூண்டு, அதுக்குள்ள ஒரே ஒரு பெண் பச்சோந்தி. பிறந்ததிலிருந்து ஒரு ஆண் பச்சோந்தியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அது முட்டையிடுமா?

இடும். நம்ம வீட்டுக் கோழி சேவல் இல்லாமலே முட்டை போடுகிற மாதிரிதான். குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் கோழி ஒரு நாளைக்கு ஒன்று என்று தவணை முறையில் இடும். இது மொத்தமாக ஒரே தடவையில் 30, 40 என்று இடும். தீனி அதிகமானால் 80 வரைகூடப் போகும். இத்தனைக்கும் அதன் உடல் எடை சுமார் 100 கிராம்தான். அந்த உடம்புக்குள் அத்தனை முட்டையும் ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக வெளியே வர வேண்டும். வராமல் உள்ளேயே நின்றுவிட்டால் சில நாட்களில் உயிர் போய்விடும். இதைத்தான் முட்டை அடைப்பு என்கிறார்கள்.

நான் சொல்வது ஏமன் பச்சோந்தியைப் பற்றி. தலையில் கிரீடம் வைத்த மாதிரி உயரமான கொண்டையோடு இருக்கும். ஏமனும் அதை ஒட்டிய தென்மேற்கு சவூதியும்தான் இதன் சொந்த ஊர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கிற பச்சோந்திகளில் மிகப் பிரபலமானது இதுதான். ஃபுளோரிடாவில் வீடுகளிலிருந்து தப்பியும், விடப்பட்டும் போனவை வெளியே பெருகியே விட்டன.

நம்ம ஊர் வேலியோரத்தில் கிளையோடு கிளையாக ஆடி ஆடி நடக்கிறதே, அது வேறு இனம். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு யாராவது ஹாஸ்டல் ரூமுக்கு ஒண்ணைப் பிடிச்சிட்டு வந்தா, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்டுக்கிட்ட கதைதான்.

அப்புறம் ஏன் இதை எழுதுகிறேன்? எங்க டிபார்ட்மெண்ட் சீனியர் அக்கா ஒருத்தர் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறார். அவருடைய ரூம்மேட் வளர்த்த ‘ஆலிவ்’ என்ற பச்சோந்திக்கு இது வந்தது. அக்கா வீடியோ காலில் காட்டிய அந்த ஒரு வாரம் நானும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். படிக்கப் படிக்க, இது திடீரென்று வரும் நோய் இல்லை, பல மாதமாக ஒரு கூண்டுக்குள் சேர்ந்துகொண்டே வந்த கணக்கு என்று புரிந்தது. சூடு, தீனி, ஒளி, மண் என்று நாலு இன்புட். முட்டை அடைப்பு அதன் அவுட்புட்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சூலகத்தில் கருமுட்டைகள் மஞ்சள் கரு சேர்த்துப் பெருக்கும். பிறகு கழன்று முட்டைக்குழாய்க்குள் வரும். அங்கே ஓடு உருவாகும். கோழி முட்டை மாதிரி கடின ஓடு கிடையாது, தோல் மாதிரி வளைந்து கொடுக்கும். அதன்பின் பச்சோந்தி கீழே இறங்கி, மண்ணைத் தோண்டி இடும். இந்தப் பாதையில் இரண்டு இடத்தில் வண்டி நிற்கலாம். கருமுட்டைகள் கழலாமல் சூலகத்திலேயே தேங்கி நிற்பது ஒன்று. ஓடு உருவான முட்டை குழாயிலேயே நின்றுவிடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி உப்பிய வயிறுதான், ஆனால் வைத்தியம் வேறு.

குழாயில் நிற்பதற்கும் இரண்டு வகைக் காரணம் உண்டு. முட்டை கோணலாகவோ பெரிதாகவோ இருந்து, அல்லது இடுப்பெலும்பு வளைந்து, உண்மையாகவே வழி அடைபடுவது ஒரு வகை. வழி திறந்தே இருந்தும் தள்ளுவதற்குத் தெம்பில்லாமல், அல்லது முட்டையிட ஏற்ற இடம் இல்லாமல் நின்றுபோவது இன்னொரு வகை. வளர்க்கப்படும் பச்சோந்திகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த இரண்டாவது வகைதான். அதாவது கோளாறு பச்சோந்தியில் இல்லை, கூண்டில்.

தீனியை எடுத்துக்கொள்வோம். செல்லப்பிராணி வைத்திருப்பவர்களுக்கு அது சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். பச்சோந்தி வேறு, நாக்கை வில்லிலிருந்து அம்பு விட்ட மாதிரி விட்டுப் பிடிக்குமா, ‘இன்னொண்ணு போடு, இன்னொண்ணு போடு’ என்று தோன்றத்தான் செய்யும். அந்த உடம்புக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சாப்பாடு ஏராளம், வெயில் நன்றாக இருக்கிறது, ஆகவே இது முட்டை பெருக்கும் காலம். சூலகம் உடனே வேலையைத் தொடங்கிவிடும். ஏமனில் மழை வந்து பூச்சி பெருகும் சில மாதங்களுக்கு மட்டும் கிடைப்பதை நாம் வருஷம் முழுக்கக் கொடுக்கிறோம். அதனால்தான் அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் வளர்ந்த பெண் பச்சோந்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் நான்கைந்து பூச்சிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெயில் காயும் விளக்கின் அடியிலும் சூட்டை 27 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கிறார்கள். ஆண் பச்சோந்திக்குக் கொடுப்பதைவிட இது குறைவு. இப்படிச் செய்தால் முட்டை எண்ணிக்கை பாதிக்கும் கீழே வரும், சில பச்சோந்திகள் ஒரு சுற்றை இடாமலே தாண்டிவிடும். பாவம் பார்த்து அள்ளிப் போடும் கை, உண்மையில் அதன் வயிற்றில் பாரம் ஏற்றுகிறது என்பதை ஏற்றுக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

அடுத்தது கால்சியம். இது எலும்புக்கு மட்டும் வேண்டியதில்லை, தசை சுருங்கவும் வேண்டும். முட்டைக்குழாயும் தசைதான், அது அலை அலையாகச் சுருங்கித்தான் முட்டையைத் தள்ளுகிறது. ஏற்கெனவே முட்டைகளுக்காக உடம்பு தன் சேமிப்பிலிருந்து கால்சியத்தை எடுத்துக் கொடுத்திருக்கும். கடைசியில் தள்ள வேண்டிய நேரத்தில் கையில் காசில்லை என்ற நிலை. சுவர்க்கோழி மாதிரியான தீனிப் பூச்சிகளில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். அதனால் பூச்சிகள் மேல் கால்சியம் பொடியைத் தூவித்தான் கொடுக்க வேண்டும்.

பொடி தூவினால் மட்டும் போதாது. குடலிலிருந்து கால்சியம் ரத்தத்தில் ஏற வைட்டமின் டி3 வேண்டும். அதைத் தோலில் உருவாக்க யு.வி.பி. ஒளி வேண்டும், சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான அலைநீளம். ஜன்னல் கண்ணாடி இதை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். ஆகவே ‘ஜன்னல் ஓரமாத்தானே வெச்சிருக்கேன், நல்லா வெயில் படுதே’ என்பது செல்லாது. விளக்கிலும் ஒரு சூது உண்டு: பழசான யு.வி.பி. டியூப் கண்ணுக்கு அதே வெளிச்சத்தோடுதான் எரியும், ஆனால் யு.வி.பி. மட்டும் குறைந்துகொண்டே போயிருக்கும். விளக்கைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். ஆலிவின் விளக்கு வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்ததாம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி: மண். சிவில் மக்கள் கொஞ்சம் முன்னாடி வாங்க.

முட்டை சுமக்கும் பச்சோந்தி, முட்டையைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகாது. தன் உடம்பே உள்ளே போகிற அளவுக்குச் சுரங்கம் தோண்டி, அடியில் திரும்பிப் படுத்து, இட்டு முடித்து, மண்ணை மூடி மிதித்துவிட்டுத்தான் வரும். சுரங்கம் இடிந்து விழுந்தால் வேறு இடத்தில் தோண்டும். அங்கேயும் இடிந்தால் இன்னொரு இடம். இப்படித் தோண்டித் தோண்டித் தெம்பை எல்லாம் செலவழித்துவிட்டு, முட்டையை உள்ளேயே வைத்துக்கொண்டு ஓய்ந்துவிடும். வெறும் கம்பி வலைத் தரை மட்டும் இருக்கும் கூண்டில் அந்த முயற்சிக்குக்கூட வழியில்லை.

சுரங்கம் நிற்க என்ன வேண்டும்? காய்ந்த மணலில் துகள்களுக்கு இடையே உராய்வு மட்டும்தான், ஒட்டுதல் இல்லை. தோண்டினால் சரிந்து கூம்பாகிவிடும். அதே மணலில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் துகள்கள் தொடும் இடங்களில் சின்னச் சின்ன நீர்ப் பாலங்கள் உருவாகும். அந்த நீரின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும். சாயில் மெக்கானிக்ஸ் பேப்பரில் ‘அப்பாரண்ட் கொஹிஷன்’ என்று இரண்டு மார்க்குக்கு எழுதுவோமே, அதேதான். தண்ணீர் அதிகமாகி இடைவெளி எல்லாம் நிறைந்துவிட்டால் பாலங்கள் மறைந்து அந்தப் பிடிப்பும் போய்விடும், மணல் குழைந்து உட்காரும். மெரினாவில் அலை வந்து போகிற ஈர ஓரத்தில் மட்டும் மணல் கோபுரம் நிற்பதும், கொஞ்சம் மேலே போனால் உதிர்வதும் இதனால்தான்.

ஆக, கழுவிய விளையாட்டு மணல், கூடவே கொஞ்சம் மண், ஈரம் புட்டு மாவு பதத்தைவிட ஒரு பிடி கூட. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. விரலால் ஒரு துளை போட்டுப் பார்த்தால் அது இடியாமல் இருக்கணும். ஆழம் குறைந்தது 30 சென்டிமீட்டர். தொட்டி ஒளி ஊடுருவாததாக இருந்தால் நல்லது. இந்தத் தொட்டியைப் பச்சோந்தி பெரிசானதிலிருந்தே கூண்டில் நிரந்தரமாக வைத்துவிடுவது புத்திசாலித்தனம், ஏனென்றால் 5, 6 மாத வயதிலேயே முதல் சுற்று முட்டை வரக்கூடும்.

இதற்கெல்லாம் மேலே, தனிமை வேண்டும். தோண்டும்போது யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிவிடும். மண்ணிலிருந்து எட்டிப் பார்க்கும் முகத்தைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளணும். கூண்டைச் சுற்றித் துணி போட்டு மூடி, ஒரு ஓட்டை வழியாக எப்போதாவது பார்த்தால் போதும். தோண்டி இட்டு முடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

சரி, அடைப்பு ஏற்பட்டிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். முட்டை சுமக்கும் பச்சோந்தி வழக்கமாகவே அடர்ந்த நிறத்துக்கு மாறி மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் காட்டும். ஆணிடம் ‘கிட்ட வராதே’ என்று சொல்லும் போஸ்டர் அது. வயிறு உப்பும். இடுவதற்குச் சில நாட்கள் முன்பு சாப்பாட்டைக் குறைக்கும், நிறுத்தியும்விடும். கூண்டின் அடியில் பரபரவென்று அலைந்து சுரண்டும். இவை எல்லாம் இயல்பு. இந்தக் கட்டத்தில் அது சுறுசுறுப்பாகவே இருக்கும், கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழன்று அறையையே நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும்.

பயப்பட வேண்டிய கட்டம் வேறு. பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறதா? உடனே கிளம்புங்கள். நலமாக இருக்கும் பச்சோந்தி பகலில் தூங்காது. கிளையைப் பிடிக்கிற பிடி தளர்வது, தரையிலேயே படுத்துக் கிடப்பது, கண்மேடுகள் உள்ளே குழிந்திருப்பது, தோண்டுவதை ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் ஓய்ந்துவிடுவது, கால் நடுங்குவது ஆகியவையும் அதே வகைதான். எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறமாக மாறினால் தண்ணீர்ப் பற்றாக்குறை. காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பிராணியை வேட்டையாடும் மிருகம் முதலில் எடுத்துவிடும் என்பதால், பச்சோந்தி கடைசி வரைக்கும் நடிக்கும். நம் கண்ணுக்கு நோய் தெரிகிற நாளில் அது ஏற்கெனவே ரொம்ப தூரம் போயிருக்கும். வாரம் ஒருமுறை கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வைத்திருந்தால், டாக்டருக்கு அந்த ஒரு தாள் பத்து நிமிடப் பேச்சைவிட உதவும்.

ஆலிவ் தரையில் படுத்த முதல் நாள், ரூம்மேட் ‘முட்டை போடப் போகுது, அதான்’ என்று காத்திருந்தார். இரண்டாம் நாள் கண் மூடியது. அக்கா வீடியோவில் காட்டியபோது கிளையைக் கொடுத்தால்கூடப் பிடிக்கவில்லை. அன்று மாலையே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை வீட்டில் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம்தான். செய்யக் கூடாததுதான் அதிகம். வயிற்றை அமுக்கித் தள்ளவே கூடாது. உள்ளே ஒரு முட்டை உடைந்தால் மஞ்சள் கரு உடற்குழியில் கொட்டி அழற்சி உண்டாகி, பிழைப்பதே அரிதாகிவிடும். கோழிக்கு முட்டை மாட்டிக்கொண்டால் நம்ம பாட்டிகள் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி விடுவார்கள். கோழிக்கு அது பல நேரம் பலிக்கும். பச்சோந்தியைத் தண்ணீரில் இறக்கினால் பயத்திலேயே பாதி போய்விடும். மனிதர் சாப்பிடும் கால்சியம் மாத்திரையைக் கரைத்து ஊற்றுவது, வாயைத் திறந்து தீனி திணிப்பது இதெல்லாமும் வேண்டாம். செய்ய வேண்டியது: இலைகளில் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்து, அது துளிகளை நக்கிக் குடிக்க விடுவது, கூண்டின் வழக்கமான சூடு குறையாமல் பார்ப்பது. ஊர்வனவற்றுக்குச் செரிமானம், நோய் எதிர்ப்பு, மருந்து வேலை செய்யும் வேகம் எல்லாமே சுற்றியுள்ள சூட்டைச் சார்ந்தது. கொண்டு போகும்போது துணி விரித்த சின்னப் பெட்டி, பிடித்துக்கொள்ள ஒரு குச்சி, இருட்டு.

மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் ஓடு உள்ள முட்டைகள் தெரியும். கழலாத கருமுட்டைகளைப் பிரித்துப் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவும். ரத்தத்தில் கால்சியம் அளவும் பார்ப்பார்கள். வழி அடைபடவில்லை என்று உறுதியானால் முதலில் திரவம் ஏற்றி, சூட்டில் வைத்து, கால்சியம் ஊசி போடுவார்கள். அதன் பிறகுதான் ஆக்ஸிடோசின். இந்த வரிசை முக்கியம். கால்சியம் இல்லாத தசையிடம் ‘சுருங்கு’ என்று ஹார்மோன் கட்டளையிட்டு என்ன பயன்? வழி அடைபட்டிருக்கும்போது ஆக்ஸிடோசின் போட்டால் குழாயே கிழியலாம். தவிர, ஆமைகளில் நன்றாக வேலை செய்யும் இந்த மருந்து பல்லி இனங்களில் அவ்வளவு நம்பகமாக வேலை செய்வதில்லை. பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சை: மயக்கம் கொடுத்து முட்டைகளையும், சேர்த்துச் சூலகத்தையும் குழாயையும் எடுத்துவிடுவார்கள். 100 கிராம் உயிருக்கு அது பெரிய ஆபரேஷன். ஆனால் சீக்கிரம் செய்தால் பிழைக்கும், தேங்கிய கருமுட்டைகளுக்குப் பெரும்பாலும் அதுதான் ஒரே வழியும்கூட.

ஆலிவுக்குத் திரவமும் கால்சியமும் ஏற்றிய இரவு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் ஊசிக்குப் பிறகு 9 முட்டைகள் வந்தன, அதோடு நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் இன்னும் முப்பதுக்கு மேல். ஆபரேஷனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். ரூம்மேட் பார்ட் டைம் வேலை பார்த்துப் படிக்கும் பெண். கடையில் ஆலிவை வாங்கிய விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமே’ என்று ஒருவர் சொன்னாராம். அந்தப் பெண் பதில் சொல்லாமல் கிரெடிட் கார்டை நீட்டியதாக அக்கா சொன்னார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிராணியை வாங்கும்போது கூண்டு, விளக்கு விலையோடு இந்தத் தொகையையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

ஆலிவ் பிழைத்தது. சூலகம் இல்லாததால் இனி முட்டைத் தொல்லை கிடையாது.

இயல்பாக இட்டு முடித்த பச்சோந்திக்கு இந்த நிம்மதி இல்லை. இட்டு முடித்ததும் வயிறு ஒட்டி, மூக்கில் மண்ணோடு மேலே ஏறி வந்து நிற்கும். பயங்கர தாகமாக இருக்கும், நீண்ட நேரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடுத்த ஓரிரு வாரம் மட்டும் கால்சியத்தோடு நன்றாகச் சாப்பிடக் கொடுத்துத் தேற்ற வேண்டும். ஆணோடு ஒருமுறை சேர்ந்திருந்தால் அந்த விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றில் ஆண் இல்லாமலே கருவுற்ற முட்டை இடுவதும் உண்டு. பிறகு தீனியைப் பழையபடி குறைத்து, விளக்கின் சூட்டையும் சரிபார்த்து, மணல் தொட்டியில் புது ஈரம் சேர்த்து வைக்க வேண்டும், ஏனென்றால் சுமார் 90 முதல் 120 நாளில் அடுத்த சுற்று தயாராகிவிடும்.